8 ஜிபியா, 16 ஜிபியா? கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எஸ்பிஎம் தேர்வு முடிந்த வீடுகளில் இப்போதெல்லாம் இரண்டு கோரிக்கைகள் எழுகின்றன. ஒன்று, மோட்டார் சைக்கிள் உரிமம். மற்றொன்று, விளையாட்டுக் கணினி. உரிமத்தைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரியும். கணினியில் அதிகப் பணத்தை விழுங்கும் கிராஃபிக்ஸ் கார்டு பற்றிப் பெரும்பாலான வீடுகளில் கேட்டுத் தெளிய ஆள் இல்லை.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. நடுத்தர விலையில் உள்ள ஒரு கார்டு அந்தத் தொகையை நெருங்கிவிடுகிறது. பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணமாக இருந்தாலும் சரி, அம்மா கூட்டு பிடித்து எடுத்த பணமாக இருந்தாலும் சரி, தவறான கார்டை வாங்கினால் போவது ஒரு மாத உழைப்பு. எனவே, எந்த நிறுவனம் சிறந்தது என்று கேட்பதற்கு முன், நம் வீட்டுக்கு எது பொருந்தும் என்று கேட்பதே நல்லது.

கார்டு என்ன செய்கிறது?

கணினியின் மையச் செயலி கணக்கைப் பார்த்துக்கொள்கிறது. திரையில் தெரியும் காட்சியை நொடிக்குப் பல முறை வரைந்து தருவது கிராஃபிக்ஸ் கார்டு. வரைவதற்குத் தேவையானவற்றை எடுத்து வைக்க அதற்கென்று தனி நினைவகம் உண்டு. அதைத்தான் 8 ஜிபி, 12 ஜிபி, 16 ஜிபி என்று பெட்டியில் அச்சிடுகிறார்கள்.

இதைச் சமையல் மேடையோடு ஒப்பிடலாம். மேடை சிறியதாக இருந்தால், எவ்வளவு கைதேர்ந்த சமையல்காரரும் பாத்திரத்தை எடுக்கவும் வைக்கவும் ஓடிக்கொண்டே இருப்பார். கார்டில் இடம் போதாமல் போனால் விளையாட்டு திக்கித் திணறுவது அதனால்தான்.

களத்தில் நிற்பவை

மூன்று நிறுவனங்கள் இந்த விலைப் பிரிவில் மோதுகின்றன. 2024 டிசம்பரில் இன்டெல் நிறுவனத்தின் ஆர்க் பி580 வந்தது. 12 ஜிபி நினைவகம், அறிமுக விலை 249 அமெரிக்க டாலர். 2025 ஏப்ரலில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ வந்தது. அதில் 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர். மே மாதம் 8 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 5060, 299 டாலருக்கு வந்தது. ஜூன் மாதம் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி வந்தது. அதில் 8 ஜிபி 299 டாலர், 16 ஜிபி 349 டாலர்.

ஒரு டாலரை 4 வெள்ளி என்று வைத்தாலே 299 டாலர் 1,196 வெள்ளி ஆகிறது. அதன் மேல் வரியும் கடைக்காரரின் லாபமும் சேரும். செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிச் செல்வதால், 2025 இறுதியிலிருந்து நினைவக விலையும் ஏறியது. ஆகவே, அறிமுக விலையை ஓர் அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொண்டு, வாங்கும் நாளில் கார்டுகளுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

ஒரே பெயர், இரண்டு சரக்கு

பயனீட்டாளர்கள் அதிகம் ஏமாறக்கூடிய இடம் இதுதான். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபியும் உண்டு, 16 ஜிபியும் உண்டு. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் அப்படியே. பெட்டி ஒன்று போலவே இருக்கும். இணையக் கடைகளில் 16 ஜிபி கார்டின் புகழைப் படித்துவிட்டு, மலிவாகத் தெரியும் 8 ஜிபி கார்டைக் கூடையில் போட்டுவிடுவது எளிது.

வேகம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், அண்மைக் காலப் பெரிய விளையாட்டுகளில் காட்சித் தரத்தை உயர்த்தும்போது 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. அப்போது 8 ஜிபி கார்டு சட்டென்று தடுமாற, 16 ஜிபி கார்டு சீராக ஓடுகிறது. நினைவகத்தைப் பின்னர் வாங்கிச் சேர்க்க முடியாது. நான்கைந்து ஆண்டுகள் ஒரே கார்டை வைத்திருக்கப் போகும் வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

16 ஜிபி கார்டுகளை மட்டும் ஒப்பிட்டால், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ சற்றே வேகமானது. ஆனால், அறிமுக விலையில் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியை விட 80 டாலர், அதாவது 300 வெள்ளிக்கு மேல், கூடுதல். விளையாட மட்டும் வாங்குவோருக்கு அந்த வித்தியாசம் நியாயமாகப் படாது. மகன் அல்லது மகள் பல்லூடகம், காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு போன்றவற்றைப் படிக்கப் போகிறார் என்றால் நிலைமை வேறு. அத்துறை மென்பொருள்கள் பலவும் என்விடியா கார்டில்தான் நன்றாக ஓடுகின்றன. அப்போது கூடுதல் பணம் படிப்புக்கான செலவாகிவிடும்.

என்ன விளையாட்டு, என்ன திரை?

வேலரண்ட், டோட்டா 2 போன்றவற்றை 1080பி திரையில் விளையாடுவதுதான் நோக்கம் என்றால் 16 ஜிபி தேவையே இல்லை. 8 ஜிபி கார்டு தாராளமாகப் போதும். பழைய கார்டு கூடப் போதலாம்.

பெரிய கதை விளையாட்டுகள் வேண்டுமென்றால் கவனம் தேவை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் விளையாட்டும், ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டுகளை ஏற்பதில்லை. ஒரு காலத்தில் பேர்போன ஜிடிஎக்ஸ் 1660, ஆர்எக்ஸ் 580 ஆகிய கார்டுகளுக்கு அந்த வாசல் மூடிவிட்டது.

விளம்பரங்களில் வரும் பிரேம் எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் ஆகியவை சிறிய படத்தைப் பெரிதாக்கித் தெளிவாகக் காட்டும் நுட்பங்கள். இவை உண்மையிலேயே பயன் தருபவை. டிஎல்எஸ்எஸ் அதிகமான விளையாட்டுகளில் இடம்பெற்றுள்ளது என்பதும் உண்மை. ஆனால், இரண்டு படங்களுக்கு நடுவே புதிய படங்களைத் தானாக உருவாக்கிச் செருகும் வசதி வேறு. அது எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும். விரல் அசைவுக்கு விளையாட்டு பதில் தரும் வேகத்தைக் கூட்டாது. அடிப்படை ஓட்டமே மெதுவாக இருந்தால், அந்த வசதி அதைக் காப்பாற்றாது.

வீட்டில் இருக்கும் கணினி தாங்குமா?

அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளைப் புதுப்பித்து விற்கும் கடைகள் நம் ஊர்களில் நிறைய. குறைந்த விலைக்குக் கிடைப்பதால் பல குடும்பங்கள் அவற்றையே வாங்குகின்றன. அவற்றில் நேராக ஆர்டிஎக்ஸ் 5060-ஐச் செருக முடியும் என்று எண்ண வேண்டாம். கார்டு செருகும் இடத்திலிருந்து கிடைக்கும் மின்சாரம் 75 வாட் மட்டுமே. ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 145 வாட், ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 160 வாட், ஆர்க் பி580-க்கு 190 வாட் தேவை. மீதியைப் பவர் சப்ளையிலிருந்து வரும் தனிக் கம்பி தர வேண்டும். அலுவலகக் கணினிகள் பலவற்றில் அந்தக் கம்பியே இருக்காது. பெட்டியும் குறுகலாக இருக்கும்.

அத்தகைய கணினிக்கு 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு பொருந்தும். அது 70 வாட்டில் இயங்குகிறது. தனிக் கம்பி கேட்பதில்லை. குறுகிய பெட்டிக்கேற்ற குட்டை வடிவிலும் கிடைக்கிறது. வேகம் குறைவுதான். ஆனால், கணினியையே மாற்றும் செலவு மிச்சம்.

ஆர்க் பி580 விலைக்கு நல்ல கார்டு. ஆனால், அது ரீசைசபிள் பார் என்ற வசதியை நம்பி இருக்கிறது. பழைய மதர்போர்டுகளில் அது இருக்காது. செயலி பழையதாக இருந்தால் இந்தக் கார்டின் வேகம் வெகுவாகக் குறைவதை 2025 தொடக்கத்தில் வெளிவந்த சோதனைகள் காட்டின. புதிய கணினிக்கு அது பொருந்தும். பழைய கணினிக்கு உகந்ததன்று.

பழைய மதர்போர்டு வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஆர்டிஎக்ஸ் 5060 மதர்போர்டோடு 8 தடங்களில் பேசுகிறது. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 தடங்களில் பேசுகிறது. பழைய மதர்போர்டில் ஒவ்வொரு தடமும் மெதுவானது. கார்டின் நினைவகம் நிரம்பி வழியும்போது, 8 தடக் கார்டுக்கு அடி பலமாக விழும்.

பழைய கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணால் பார்த்த பிறகு. 2022 செப்டம்பரில் ஈத்தரியம் நாணயம் கார்டு கொண்டு எடுக்கும் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் குவிந்தன. இணையக் கடைகளில் மிக மலிவாகத் தெரியும் ஆர்எக்ஸ் 580 கார்டுகளில் 2048எஸ்பி என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது ஆற்றல் குறைக்கப்பட்ட வேறு கார்டு. ஜிடிஎக்ஸ் 10 வரிசையை இப்போது வாங்குவதும் உசிதமன்று. புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் மேம்பாட்டை அவ்வரிசைக்கு என்விடியா 2025-இல் முடித்துக்கொண்டது.

விற்பவரின் கணினியிலேயே கார்டைப் பொருத்தி, அரை மணி நேரம் ஒரு விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் பெயரும் நினைவகமும் தெரியும். போலிக் கார்டுகள் பலவற்றை அது காட்டிக் கொடுத்துவிடும்.

ரசீது முக்கியம்

லோயாட் பிளாசாவில் வாங்கினாலும், ஊர்க் கடையில் வாங்கினாலும், உத்தரவாதம் தருவது உள்நாட்டு விநியோகிப்பாளரா, எத்தனை ஆண்டுகள் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். ரசீதில் கார்டின் முழுப் பெயரோடு ஜிபி அளவும் இருக்க வேண்டும். கடைக்காரர் மறுத்து நின்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால், முகநூலில் தனியாரிடம் கைமாற்றாக வாங்கிய பொருளுக்கு இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

சுருக்கமாகச் சொன்னால்

புதிய கணினி, பெரிய விளையாட்டுகள், பல ஆண்டுப் பயன்பாடு என்றால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. விளையாட்டோடு வடிவமைப்புப் படிப்பும் உண்டென்றால் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி. கையில் பணம் குறைவு, ஆனால் கணினி புதியது என்றால் ஆர்க் பி580. 1080பி திரையில் போட்டி விளையாட்டுகள் மட்டும் என்றால், ஆர்டிஎக்ஸ் 5060, 9060 எக்ஸ்டி 8 ஜிபி இரண்டில் அன்றைக்கு எது மலிவோ அது. பழைய அலுவலகக் கணினி என்றால் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி.

கடைக்குப் போகும் முன் மூன்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கணினியின் செயலி, பவர் சப்ளையில் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, திரையின் அளவை. அந்தத் தாளைப் பார்க்காமலேயே கார்டை எடுத்து நீட்டும் கடையாக இருந்தால், அடுத்த கடைக்குப் போய்விடலாம்.