கூந்தன்குளம் காட்டும் வழி

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்களும் நாரைகளும் குளத்து மரங்களில் மாத்திரமன்றி, வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடுகட்டுகின்றன. 1994இல் அவ்விடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அதற்கு நெடுங்காலம் முன்பே ஊரவரே அவற்றின் காவலராயிருந்தனர்.

தீபாவளிக்குக்கூட அங்கு வெடி கொளுத்துவதில்லை. காரணமுண்டு. கூட்டமாய் வாழும் பறவைகளில் ஒன்று வெருண்டால் அனைத்தும் எழும்பிவிடும். முட்டைகள் வெயிலில் காயும், காகம் கொத்தும், குஞ்சுகள் தவறி விழும். விழுந்த குஞ்சுகளை ஊரவர் எடுத்து வளர்க்கின்றனர். இது வெறும் இரக்கமல்ல. பறவைகளின் எச்சம் படிந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல பசளை என்பதை அவ்விவசாயிகள் நன்கறிவர்.

டயகமவுக்குக் கூழைக்கடா வராதுதான். ஆனால் எமது மலைநாட்டில் தொழிற்சாலை, பங்களா முதலியவற்றின் கூரைத் தாழ்வாரங்களில் சேற்றால் கூடுகட்டும் தகைவிலான் குருவி உண்டு. பறந்தபடியே பூச்சிகளைப் பிடித்துண்பது அது. சுவருக்கு வெள்ளையடிக்க வந்தால் முதலில் இடிபடுவது அதன் கூடுதான். குஞ்சுகள் பறக்கும்வரை அந்த மூலையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள், துரைமாரும் மறுக்கமாட்டார்கள். எச்சம் விழுவது தொல்லையென்றால், கூட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு பலகையை அடித்துவிடலாம். அதில் சேர்வதை மரக்கறித் தோட்டத்தின் கூட்டெருக் குழியில் போடலாம்.