பாம்பே ட்ரீம்ஸ் (இசை நாடகம்)

பாம்பே ட்ரீம்ஸ் என்பது தமிழகத்தைச் சேர்ந்த இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த ஆங்கில மேடை இசை நாடகம் ஆகும். இது 2002 ஆம் ஆண்டு இலண்டனின் வெஸ்ட் எண்ட் பகுதியிலும், பெருமளவு திருத்தப்பட்ட வடிவில் 2004 ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராட்வேயிலும் அரங்கேறியது. முதல் வடிவம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓடியது. திருத்திய வடிவம் எட்டு மாதங்களில் முடிவுற்றது. ஒரே கதை, ஒரே இசையமைப்பாளர், ஒரே இயக்குநர் என்றிருந்தும் விளைவு வேறுபட்டதால், ஒரு மேடைப் படைப்பு புதிய நாட்டுக்கு ஏற்ப மாற்றப்படும்போது என்ன நிகழ்கிறது என்பதை அறிய இந்நாடகம் நல்ல எடுத்துக்காட்டாக உள்ளது.

பின்னணி

மேலைநாட்டு இசை நாடகத்தில் மூன்று எழுத்துப் பணிகள் தனித்தனியே குறிப்பிடப்படுகின்றன. கதையும் உரையாடலும் அடங்கிய பகுதி நாடக உரை எனப்படும். பாடல் வரிகள் இரண்டாவது, இசை மூன்றாவது. இம்மூன்றையும் வெவ்வேறு கலைஞர்கள் ஆக்குவது வழக்கம். எனவே ஒரு நாடகத்தைத் திருத்தும்போது இசையை அப்படியே வைத்துக்கொண்டு உரையை மட்டும் மாற்றலாம். அல்லது மெட்டை வைத்துக்கொண்டு வரிகளை மட்டும் மாற்றலாம்.

தமிழ் மேடைக்கும் இத்தகைய நெகிழ்வு புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய நாடகங்களை இன்றும் நடித்துவரும் ஸ்பெஷல் நாடக மரபில், நடிகரின் திறனுக்கும் ஊராரின் விருப்பத்துக்கும் ஏற்பப் பாடல்கள் கூடுவதும் குறைவதும் உண்டு. ஆனால் வெஸ்ட் எண்ட், பிராட்வே முறையில் அரங்கேற்ற நாளுக்குப் பின் நாடகம் பெரும்பாலும் மாறுவதில்லை. அதற்கு முன் நடைபெறும் முன்னோட்டக் காட்சிகளிலேயே திருத்தங்கள் செய்து முடிக்கப்படுகின்றன. ஆகவே பெரிய திருத்தம் செய்வதற்கு உரிய காலம், நாடகம் ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குச் செல்லும் இடைவெளியே ஆகும்.

பாம்பே ட்ரீம்ஸின் மூலக் கருத்து, திரைப்பட இயக்குநர் சேகர் கபூர், ஆங்கிலேய இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாய்ட் வெப்பர் ஆகிய இருவருடையது. ரகுமானின் திரையிசையைக் கேட்ட லாய்ட் வெப்பர், அவ்விசையைக் கொண்டு ஒரு மேடை நாடகம் தயாரிக்க முன்வந்தார். பிறருடைய இசையில் அவர் தயாரிப்பாளராக மட்டும் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

கதைச்சுருக்கம்

பம்பாயில் இடிக்கப்படவிருக்கும் 'பாரடைஸ்' என்னும் குடிசைப் பகுதியில் தன் பாட்டி சாந்தியுடன் வாழும் இளைஞன் ஆகாஷ், இந்தித் திரைப்பட நாயகனாக விரும்புகிறான். திரைப்பட இயக்குநர் மதனின் மகள் பிரியாவின் மீது காதல் கொள்கிறான். நட்சத்திர நடிகை ராணியின் துணையால் புகழ் பெற்றதும் தன் பிறப்பிடத்தையும், தன்னை நேசிக்கும் திருநங்கைத் தோழி ஸ்வீட்டியையும் மறக்கிறான். குடிசைவாசிகளுக்காக வாதாட வந்த வழக்கறிஞனும் பிரியாவுக்கு நிச்சயிக்கப்பட்டவனுமான விக்ரமின் உண்மை உருவம் பின்னர் வெளிப்படுகிறது. ஆகாஷ் தன் மக்களிடம் திரும்புகிறான். இக்கதைக்கூறு இரு வடிவங்களுக்கும் பொதுவானது.

இலண்டன் வடிவம் (2002)

இவ்வடிவம் 2002 சூன் 19 அன்று அப்பல்லோ விக்டோரியா அரங்கில் தொடங்கி 2004 சூன் 13 வரை நடைபெற்றது. அதற்கு முன் அதே அரங்கில் லாய்ட் வெப்பரின் 'ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்' ஏறத்தாழ 18 ஆண்டுகள் நடைபெற்றிருந்தது. நாடக உரையை மீரா சியாலும், பாடல்களை டான் பிளாக்கும் எழுதினர். ஸ்டீவன் பிம்லாட் இயக்கினார். நடன அமைப்பை அந்தோணி வான் லாஸ்டும், இந்தித் திரைப்பட நடன இயக்குநர் ஃபரா கானும் இணைந்து செய்தனர். மேடை, உடை வடிவமைப்பு மார்க் தாம்சனுடையது. தயாரிப்புச் செலவு ஏறத்தாழ 45 இலட்சம் பவுண்டு.

ஆகாஷாக ராசா ஜாஃப்ரி, பிரியாவாக பிரீயா காளிதாஸ், ராணியாக ஆயிஷா தார்கர், ஸ்வீட்டியாக ராஜ் கட்டக், மதனாக இந்தித் திரைப்பட நடிகர் தலிப் தாஹில் ஆகியோர் நடித்தனர். ஆயிஷா தார்கர், சந்தோஷ் சிவன் தமிழில் இயக்கிய 'தி டெரரிஸ்ட்' திரைப்படத்தின் நாயகி ஆவார்.

நியூயார்க் வடிவம் (2004)

இவ்வடிவத்தின் முன்னோட்டக் காட்சிகள் 2004 மார்ச் 29 இல் தொடங்கின. ஏப்ரல் 29 இல் 'பிராட்வே அரங்கு' என்னும் பெயருடைய அரங்கில் அரங்கேறி, 2005 சனவரி 1 அன்று 284 காட்சிகளுடன் நிறைவுற்றது. இலண்டன் வடிவம் முடிவதற்கு முன்பே இது தொடங்கியதால், ஆறு வாரங்களுக்கு மேல் இரு வடிவங்களும் இரு நகரங்களில் ஒரே வேளையில் நடைபெற்றன. தயாரிப்புச் செலவு ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் டாலர்.

மீரா சியாலுடன் தாமஸ் மீஹன் சேர்ந்து நாடக உரையைத் திருத்தினார். இவர் 'ஆனி' (1977), 'தி புரொடியூசர்ஸ்' (2001), 'ஹேர்ஸ்பிரே' (2002) ஆகிய பிராட்வே வெற்றி நாடகங்களின் உரையாசிரியர்களுள் ஒருவர். கூடுதல் பாடல் வரிகளை டேவிட் யாஸ்பெக் எழுதினார். மனு நாராயண் ஆகாஷாகவும், அனிஷா நாகராஜன் பிரியாவாகவும், ஸ்ரீராம் கணேசன் ஸ்வீட்டியாகவும், நடிகையும் சமையல் நூலாசிரியருமான மதுர் ஜாஃப்ரி பாட்டி சாந்தியாகவும் நடித்தனர். முதன்மைப் பாத்திரங்களில் இலண்டனிலிருந்து தொடர்ந்தவர் ஆயிஷா தார்கர். இயக்குநர், நடன அமைப்பாளர்கள், வடிவமைப்பாளர் ஆகியோர் மாறவில்லை.

பாடல்களில் மாற்றம்

இரு வடிவங்களின் பாடல் வரிசைகளை ஒப்பிட்டால் திருத்தத்தின் போக்கு தெளிவாகும்.

- தொடக்கம்: இலண்டனில் நகரம் விழித்தெழுவதைக் காட்டும் 'பாம்பே அவேக்ஸ்' தொடக்கமாக இருந்தது. நியூயார்க்கில் பின்பகுதியில் வந்த 'சலாம் பாம்பே' முதற்பாடலாக முன்னே கொண்டுவரப்பட்டது.
- நீக்கப்பட்டவை: தலைப்புப் பாடலான 'பாம்பே ட்ரீம்ஸ்', 'லைக் ஆன் ஈகிள்', 'ஹேப்பி எண்டிங்ஸ்', 'ஒன்லி லவ்', 'க்ளோசர் தேன் எவர்' ஆகியவை நியூயார்க் வரிசையில் இல்லை.
- சேர்க்கப்பட்டவை: 'பாலிவுட்', 'ஐ குட் லிவ் ஹியர்', 'இஸ் திஸ் லவ்?' ஆகியவை புதிதாக இடம்பெற்றன.
- நிலைத்தவை: 'லவ்ஸ் நெவர் ஈசி', 'ஷகலக்க பேபி', 'சைய்ய சைய்யா', 'ஹவ் மெனி ஸ்டார்ஸ்?', 'ஹீரோ', 'தி ஜர்னி ஹோம்', 'வெட்டிங் கவ்வாலி' ஆகியவை இரண்டிலும் உள்ளன.

தலைப்புப் பாடலே நீக்கப்பட்டதும், 'பாலிவுட்' என்ற பெயரிலேயே ஒரு பாடல் இரண்டாவதாக வைக்கப்பட்டதும் கவனிக்கத்தக்கவை. இந்தித் திரையுலகை ஏற்கெனவே அறிந்தவருக்கு அதனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அறியாதவருக்கோ, நாயகன் எதற்கு ஆசைப்படுகிறான் என்பதை முதற்சில நிமிடங்களிலேயே சொல்லியாக வேண்டும். முதல் வடிவம் பார்வையாளர் அறிந்த ஓர் உலகைக் கொண்டாடியது எனவும், இரண்டாம் வடிவம் அவ்வுலகை விளக்க முற்பட்டது எனவும் இம்மாற்றங்களைக் கொண்டு கூறலாம்.

மாறாத பாடல்களும் தமிழ்த் திரையும்

நாடகத்தின் பெரும் நடனக் காட்சிகளுள் இரண்டு, திரைப்படங்களிலிருந்து வந்த மெட்டுகளின் மீது அமைந்தவை. 'ஷகலக்க பேபி' சங்கர் இயக்கிய தமிழ்த் திரைப்படமான 'முதல்வன்' (1999) படத்தில் வைரமுத்துவின் வரிகளில் வெளிவந்தது. 2001 இல் அப்படம் 'நாயக்' என இந்தியில் எடுக்கப்பட்டபோது மெட்டும் உடன் சென்றது. மேடையில் அது ஆங்கிலப் பாடலாகி, நீரூற்றுகளுக்கு நடுவே ராணி நனைந்தபடி ஆடும் காட்சியாக அமைந்தது. சென்னையில் தோன்றிய ஒரு மெட்டு ஐந்து ஆண்டுகளுக்குள் தமிழ், இந்தி, ஆங்கிலம் எனும் மூன்று மொழிகளில் பாடப்பட்டு பிராட்வேயை அடைந்தது.

'சைய்ய சைய்யா', மணிரத்னம் இயக்கிய 'தில் சே' (1998) படத்தைச் சேர்ந்தது. அப்படத்தின் தமிழ் வடிவமான 'உயிரே'யில் இது 'தைய தையா' என ஒலித்தது. ஓடும் நீலகிரி மலை இரயிலின் மேல் படமாக்கப்பட்ட அந்நடனத்தை அமைத்தவரும் ஃபரா கானே. மேடை வடிவங்கள் இரண்டிலும் இப்பாடல் மொழிபெயர்க்கப்படாமல் இந்தியிலேயே பாடப்பட்டது. மற்ற அனைத்தையும் விளக்க முயன்ற திருத்தம், பொருள் புரியாத பார்வையாளரும் இரசித்த இப்பாடலைத் தொடவில்லை. இசைக்கு எவ்வளவு விளக்கம் தேவை என்ற வினாவை இது எழுப்புகிறது.

பார்வையாளர் வேறுபாடு

இரு நகரங்களின் சூழலும் ஒன்றல்ல. 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஐக்கிய இராச்சியத்தில் இந்திய, பாகிஸ்தானிய, வங்காளதேச வழியினர் மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் இருந்தனர்; இது மக்கள்தொகையில் சுமார் 3.5 விழுக்காடு. இலண்டன் மாநகரில் இந்திய வழியினர் மட்டுமே சுமார் 6 விழுக்காடு. 'தில் சே' திரைப்படம் 1998 இல் பிரித்தானியாவின் முதல் பத்துப் படங்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய வழியினர் ஏறத்தாழ 17 இலட்சம் பேர். 28 கோடி மக்களில் இது 0.6 விழுக்காடு.

சுமார் 1,760 இருக்கைகள் கொண்ட ஓர் அரங்கை வாரம் எட்டுக் காட்சிகளுக்கு நிரப்ப, ஏறத்தாழ 14,000 பேர் வரவேண்டும். எனவே நியூயார்க் தயாரிப்பாளர்கள் இந்திய வழியினரை மட்டும் நம்பியிருக்க இயலாது. திருத்தம் செய்ய முடிவெடுத்தது காரணமற்ற செயல் அன்று. ஆயினும் இந்தித் திரைப்படக் கதைகளின் மிகையுணர்ச்சியும், தற்செயல் திருப்பங்களும், நினைத்த இடத்தில் எழும் பாடலும் அவ்வகையின் இலக்கணமே ஆகும். அவற்றைப் பிராட்வே முறைக்கேற்ப ஒழுங்குபடுத்தும்போது, பழகியவருக்குச் சுவை குறைவதும், புதியவருக்கு அது வழக்கமான நாடகமாகவே தோன்றுவதும் நேரக்கூடும்.

வரவேற்பு

இலண்டனில் திறனாய்வாளர்களின் கருத்து கலவையாக இருந்தது. இசையும் நடனமும் பாராட்டப்பட்டன. கதை வலுவற்றது எனப்பட்டது. ஆயினும் வெஸ்ட் எண்ட் அரங்குகளுக்கு அதிகம் செல்லாதிருந்த தெற்காசியக் குடும்பங்களை இந்நாடகம் அங்கு அழைத்துவந்தது. நியூயார்க்கில் உரை திருத்தப்பட்ட பின்னரும் கதை குறித்த குறை நீங்கவில்லை. 2004 ஆம் ஆண்டு டோனி விருதுகளுக்கு நடன அமைப்பு, உடை வடிவமைப்பு, இசைக்கோப்பு (பால் போகயேவ்) ஆகிய மூன்று பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. விருது எதுவும் கிடைக்கவில்லை. முதலீடு திரும்பப் பெறப்படவில்லை.

இத்தோல்விக்குத் திருத்தமே காரணம் என முடிவுகட்டுவது சரியன்று. செலவின் அளவு, பெரிய அரங்கு, அந்நாட்டில் இந்தித் திரையுலகம் பெற்றிருந்த குறைந்த அறிமுகம் ஆகியவையும் கருதத்தக்கவை. திருத்தாமல் சென்றிருந்தால் வென்றிருக்கும் என்பதற்கும் சான்று இல்லை.

பிற்காலம்

2006 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் அமெரிக்கச் சுற்றுப்பயண நிகழ்ச்சி தொடங்கியது. பாயோர்க் லீ இதனை இயக்கினார்; ரேஷ்மா செட்டி பிரியாவாக நடித்தார்.

இலண்டன் வடிவத்தின் பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்தன. நியூயார்க் வடிவத்துக்கு அவ்வாறு நடிகர்குழு ஒலிப்பதிவு வெளியிடப்படவில்லை. இதனால் திருத்தி நீக்கப்பட்ட பாடல்களை இன்றும் கேட்க முடிகிறது. திருத்திச் சேர்க்கப்பட்டவை மேடையோடு பெரும்பாலும் மறைந்தன. மேடை நாடகத்தில் பின்னர் வந்த வடிவமே நிலைத்த வடிவமாகும் என்ற விதி இல்லை என்பதற்கு இது சான்று.

ரகுமான் பங்காற்றிய மற்றொரு மேடைப் படைப்பான 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எதிர்த்திசையில் பயணித்தது. 2006 இல் கனடாவின் டொராண்டோவில் மூன்றரை மணி நேர நாடகமாகத் தொடங்கிய அது, சுருக்கித் திருத்தப்பட்டு 2007 இல் இலண்டனின் துருரி லேன் அரங்கில் மேடையேறி ஓராண்டுக்கு மேல் நடைபெற்றது. 2023 இல் இங்கிலாந்தின் வாட்டர்மில் அரங்கில், நடிகர்களே இசைக்கருவிகளையும் வாசிக்கும் சிறிய வடிவில் அது மீண்டும் உருப்பெற்றது.

பாம்பே ட்ரீம்ஸின் இரு வடிவங்களிலும் நீடித்த 'தி ஜர்னி ஹோம்' பாடலின் பெயரையே, ரகுமான் 2010 ஆம் ஆண்டில் மேற்கொண்ட உலக இசைச் சுற்றுப்பயணத்துக்குச் சூட்டினார். 'இல்லம் நோக்கிய பயணம்' என்பது அதன் பொருள்.