மனுதாரர்கள் – 7: மகனுக்குத் தெரியாமல் ஒரு கடிதம்

சென்ற வாரம் ஐன்ஸ்டைனை மிலான் நகரில் பெற்றோர் வீட்டில் விட்டுவந்தோம். கையில் டிப்ளமோ இருந்தது, வேலை இல்லை. இந்த வாரம் அவர் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் வேலையை ஏற்றுக்கொண்ட கதையைச் சொல்வதாகப் பேச்சு. அதற்குமுன் 1901 ஏப்ரல் 13, சனிக்கிழமை என்ற ஒரு நாளைக் கடந்தாக வேண்டும். வாரம் முழுக்க என்னை வேறெதையும் எழுதவிடாமல் பிடித்துவைத்திருக்கும் தேதி அது.

1900-ம் ஆண்டின் கோடையில் சூரிச் பாலிடெக்னிக்கில் ஐன்ஸ்டைனோடு தேர்வானவர்கள் மூன்று பேர். மூவருக்கும் அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது. அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. பேராசிரியர் வேபர்தான் தன்னைப் பற்றித் தவறாகச் சொல்லி வழியை அடைக்கிறார் என்று அவர் உறுதியாக நம்பினார். படிக்கும் காலத்தில் ஜெனோவாவிலிருந்த தாய்வழி உறவினர்கள் மாதம் 100 பிராங்க் அனுப்பிவந்தார்கள். படிப்பு முடிந்ததும் அந்தப் பணமும் நின்றுபோயிற்று.

1901 வசந்தத்தில் அவர் ஐரோப்பா முழுக்க அட்டை எழுதத் தொடங்கினார். வடகடல் தொடங்கி இத்தாலியின் தென்முனை வரை ஒரு இயற்பியலாளரையும் விடப்போவதில்லை என்று காதலி மிலேவாவுக்கு எழுதுகிறார். மார்ச் 19 அன்று லைப்சிக் நகரிலிருந்த வேதியியல் பேராசிரியர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டுக்கு ஒரு கடிதம் போனது. கூடவே, அன்னாலன் டெர் பிசிக் இதழில் வெளியான தன் முதல் ஆய்வுக் கட்டுரையையும் அனுப்பினார். பதில் இல்லை. ஏப்ரல் 3 அன்று மறுபடி ஓர் அட்டை. முந்தைய கடிதத்தில் முகவரி எழுதினேனா என்பது நினைவில்லை, அதனால் இதோ என் மிலான் முகவரி என்கிறார். வேலை தேடி அலைந்த யாருக்கும் இந்த இரண்டாவது அட்டை விளங்கும். கெஞ்சுவதாகத் தெரியக் கூடாது, ஆனால் நினைவுபடுத்தியாக வேண்டும். அதற்கு ஒரு காரணம் வேண்டும், முகவரி அந்தக் காரணமாக வருகிறது. ஏப்ரல் 12 அன்று ஹாலந்தின் லெய்டன் நகரிலிருந்த இயற்பியலாளர் கேமர்லிங் ஓன்னஸுக்கு எழுதியபோது பதில் அட்டையையும் சேர்த்தே அனுப்பினார். நம் அஞ்சலகங்களில் முன்பு விற்ற ரிப்ளை கார்டைப் போன்றது அது. எதிராளி இரண்டு வரி எழுதித் தபால்பெட்டியில் போட்டால் போதும். அந்த வேலையும் கிடைக்கவில்லை. அட்டை இன்று லெய்டனில் உள்ள போர்ஹாவே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஓன்னஸுக்கு எழுதிய மறுநாள்தான் அந்தச் சனிக்கிழமை. அன்று அதே வீட்டில் இன்னொருவர் பேனாவை எடுத்தார். அப்பா ஹெர்மன் ஐன்ஸ்டைன்.

ஹெர்மன் யாரென்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும். இவரைப் பற்றிப் பெரும்பாலான புத்தகங்கள் வியாபாரத்தில் தோற்ற நல்ல மனிதர் என்ற ஒற்றை வரியோடு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. தம்பி யாக்கோபோடு சேர்ந்து மியூனிக்கில் மின்சாதனக் கம்பெனி நடத்தியவர். 1885-ல் அந்த நகரத்தின் புகழ்பெற்ற அக்டோபர் திருவிழா முதல்முறையாக மின்விளக்கில் ஒளிர்ந்தது இந்தச் சகோதரர்களின் கம்பெனியால்தான். பின்னால் பெரிய கம்பெனிகளோடு போட்டிபோட முடியாமல் 1894-ல் மியூனிக்கை விட்டு இத்தாலிக்கு வந்தார்கள். பாவியா நகரில் போட்ட தொழிற்சாலை 1896-ல் மூழ்கியது. தம்பி போதுமென்று வேறு வேலைக்குப் போய்விட, ஹெர்மன் மிலானில் தனியாக மறுபடி கடை விரித்தார். தலைக்கு மேல் உறவினர்களிடம் வாங்கிய கடன்.

அந்த மனிதருக்கு அப்போது 53 வயது. ஆஸ்ட்வால்டுக்கு 47. தன்னைவிட ஆறு வயது இளையவரிடம், முன்பின் பார்த்திராத ஒரு பேராசிரியரிடம், மகனுக்காகத் தந்தை என்ற ஒரே உரிமையில் எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறார். மகனுக்கு 22 வயது, சூரிச்சில் நான்கு வருடம் படித்தான், நன்றாகத் தேறினான், அன்றிலிருந்து உதவியாளர் வேலைக்கு முயன்று கிடைக்காமல் நிற்கிறான் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் அவன் திறமையைப் புகழ்கிறார்கள் என்று சேர்த்துக்கொள்கிறார். தனக்கு அந்த இயற்பியல் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்கிறார்கள் என்ற அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பிறகுதான் மனசு திறக்கிறது. மகன் இப்போதைய நிலையில் நொந்துபோயிருக்கிறான், தன் வாழ்க்கை தடம் புரண்டுவிட்டது என்ற எண்ணம் நாளுக்கு நாள் அவனுக்குள் இறுகிவருகிறது, வசதியில்லாத எங்களுக்குத் தான் பாரமாகிவிட்டோம் என்று மறுகுகிறான் என்று எழுதுகிறார். அதற்கு அடுத்து என்ன கேட்கிறார் என்று பாருங்கள். வேலையை அல்ல. அவன் கட்டுரையைப் படித்துப் பாருங்கள், முடிந்தால் ஊக்கமாக நாலு வரி எழுதுங்கள், வாழ்வதிலும் உழைப்பதிலும் அவனுக்கு மறுபடி மகிழ்ச்சி வரட்டும் என்கிறார். உதவியாளர் இடம் இருந்தால் தாருங்கள் என்பது அதற்கும் பிறகு, கூடுதலாக வருகிறது. கடைசியில், நான் இப்படி எழுதுவது என் மகனுக்குத் தெரியாது என்று முடிக்கிறார்.

இந்த அப்பாவை நமக்குத் தெரியும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருக்கும் தூரத்து உறவுக்காரரை ஓரமாக அழைத்து, பிளாஸ்டிக் கவரிலிருந்து மகனின் பயோடேட்டாவை எடுத்து நீட்டி, “நம்ம பையன் மாமா, உங்க கம்பெனியில ஏதாவது பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்கும் மனிதர் அவர். பக்கத்தில் மகன் இருந்தால் கேட்க மாட்டார். மகன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்பார். சிபாரிசு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்கள் இந்தக் கேட்பதற்குள் இருக்கும் பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தத் தொடரில் நாம் பார்த்த இராமானுஜனின் துறைமுக அலுவலக விண்ணப்பத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 1912 பிப்ரவரியில் அவர் அதை எழுதியபோதும் மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட்டின் பரிந்துரை இருந்தது. மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தா வேலைக்கு!

ஆஸ்ட்வால்ட் வேலை எதுவும் தரவில்லை. ஆனால் அதே ஆஸ்ட்வால்டும் ஐன்ஸ்டைனும் 1909 ஜூலையில் ஜெனீவா பல்கலைக்கழக விழாவில் ஒன்றாகவே கௌரவ டாக்டர் பட்டம் பெற்றார்கள். அந்த ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வாங்கிய ஆஸ்ட்வால்ட், 1910-ம் ஆண்டின் இயற்பியல் நோபலுக்கு ஐன்ஸ்டைனைப் பரிந்துரைத்தார். ஐன்ஸ்டைனின் பெயரை நோபல் குழுவிடம் முதலில் கொண்டுபோனவர் அவர்தான். ஹெர்மன் கேட்ட நாலு வரி, எட்டு வருடத்துக்கு மேல் தாமதித்து, ஸ்டாக்ஹோமுக்குப் போய்ச் சேர்ந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

அந்தச் சனிக்கிழமையில் இன்னொன்றும் நடந்தது. இதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் ஞாயிறு, ஏப்ரல் 14 அன்று ஐன்ஸ்டைன் தன் வகுப்புத் தோழன் மார்செல் கிராஸ்மனுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதுகிறார். நேற்று உன் கடிதத்தைப் பார்த்தேன், அதிர்ஷ்டமில்லாத பழைய நண்பனை நீ மறக்கவில்லை என்று நெகிழ்கிறார். நேற்று என்றால் சனிக்கிழமை. அப்பா யாருக்கும் தெரியாமல் லைப்சிக்குக்கு எழுதிய அதே நாளில், அதே வீட்டுக்கு சூரிச்சிலிருந்து கிராஸ்மனின் கடிதம் வந்திருக்கிறது. அதில் இருந்த செய்தி: கிராஸ்மன் தன் அப்பாவிடம் பேசியிருக்கிறார், அந்த அப்பாவுக்கு பெர்ன் காப்புரிமை அலுவலக இயக்குநர் பிரீட்ரிக் ஹாலரைத் தெரியும், இடம் காலியானால் சொல்லிவைக்கிறார்.

இரண்டு அப்பாக்கள். ஒருவருக்கு ஆளைத் தெரியாது, இன்னொருவருக்குத் தெரியும். ஹெர்மனின் கடிதத்தில் இருந்த அன்பு கிராஸ்மன் குடும்பத்தாரின் சொல்லில் இருந்ததைவிடக் குறைவா என்ன? தெரிந்தவர் என்ற ஒன்றுதான் வித்தியாசம். கிராஸ்மனை ஐன்ஸ்டைன் கடைசிவரை மறக்கவில்லை. 1905-ல் எழுதிய டாக்டர் பட்ட ஆய்வேட்டை அவருக்குத்தான் சமர்ப்பித்தார். பொதுச் சார்பியலுக்குத் தேவையான கணிதத்தைத் தேடித்தந்தவரும் அதே கிராஸ்மன்தான்.

சொல்லிவைத்ததும் வேலை வந்துவிடவில்லை. வின்டர்தூரில் இரண்டு மாதம் பதிலி ஆசிரியர், ஷாப்ஹவுசனில் ஒரு மாணவனுக்குத் தனி ஆசிரியர் என்று நாட்கள் போயின. டிசம்பரில் காப்புரிமை அலுவலகத்தின் விளம்பரம் வந்தது, உடனே மனுப் போட்டார். ஜனவரியில் மிலேவா தன் பெற்றோர் வீட்டில் பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார். இருவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. நியமன உத்தரவு வருமுன்னே பிப்ரவரியில் ஐன்ஸ்டைன் பெர்னுக்குக் குடிபோய், கணிதமும் இயற்பியலும் சொல்லித்தரப்படும், மாதிரி வகுப்பு இலவசம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துக் காத்திருந்தார்.

1902 ஜூன் 16 அன்று சுவிட்சர்லாந்து மத்திய அரசு அவரைத் தற்காலிகமாக நியமித்தது. மூன்றாம் வகுப்புத் தொழில்நுட்ப நிபுணர், ஆண்டுச் சம்பளம் 3500 பிராங்க். ஜூன் 23 அன்று வேலையில் சேர்ந்தார். பேரம் பேசவில்லை, யோசிக்க அவகாசம் கேட்கவில்லை. பட்டம் வாங்கி ஏறத்தாழ இரண்டு வருடம் காத்திருந்தவருக்கு யோசிக்க என்ன இருக்கிறது?

ஹெர்மன் இதைப் பார்த்துவிட்டார். மகன் அரசாங்க வேலையில் நிலையான சம்பளம் வாங்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, 1902 அக்டோபர் 10 அன்று மிலானில் 55-வது வயதில் காலமானார். அதுவரை மறுத்துவந்த மிலேவா திருமணத்துக்குப் படுக்கையில் இருந்தபடி சம்மதமும் கொடுத்தார்.

ஹாலரின் அலுவலகத்துக்குள் இந்த வாரமே நுழைந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன், பக்கம் முடிந்துவிட்டது. அவர் தன் புது ஊழியருக்கு விண்ணப்பங்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்த விதம் தனி அத்தியாயமாக எழுத வேண்டியது. எந்தக் கண்டுபிடிப்பாளர் என்ன சொன்னாலும் முதலில் அது தவறு என்று எடுத்துக்கொண்டு ஆராய வேண்டும் என்பது அவருடைய பாடம். வருடக்கணக்கில் மனுப் போட்டுக்கொண்டிருந்தவரின் மேஜைக்கு, இப்போது மற்றவர்களின் மனுக்கள் வருகின்றன. வேலை நிரந்தரமானது 1904-ல், இரண்டாம் வகுப்புக்குப் பதவி உயர்வு 1906-ல். இடையிலிருந்த 1905-ம் ஆண்டையும் சேர்த்து அடுத்த வாரம்.