புத்தேயோலியில் ஏழு நாள்

இத்தாலியக் கடற்கரையின் பண்டை நகரங்களும் அப்போஸ்தலர் 28:12-15-உம்

அப்போஸ்தலருடைய நடபடிகளின் இறுதி அதிகாரத்தை விளக்குகையில், மெலித்தாத் தீவில் நிகழ்ந்த விரியன்பாம்பின் நிகழ்ச்சியைக் கூறி முடித்தவுடன் நாம் பெரும்பாலும் ரோமாபுரிக்குத் தாவிவிடுகிறோம். இடையிலுள்ள சில வசனங்கள் வெறும் ஊர்ப்பெயர்களின் வரிசையாகவே நமக்குத் தோன்றுகின்றன. சீரகூசா, ரேகியு, புத்தேயோலி, அப்பியுபுரம், மூன்று சத்திரம் என்னும் இப்பெயர்களை வாசிப்பவரும் விரைந்து வாசிக்கிறார்; கேட்பவரும் விரைந்து மறக்கிறார். ஆயினும் இவ்வூர்களுள் பெரும்பாலானவை இன்றும் அதே கடற்கரையில் மக்கள் வாழும் நகரங்களாக நிலைத்துள்ளன. அவற்றை அறிந்தவராய் மீண்டும் அவ்வசனங்களை வாசிப்போமாயின், லூக்கா வீணாக ஒரு சொல்லும் எழுதவில்லை என்பது விளங்கும். அவ்வகையில் அக்கரையோரமாக ஒருமுறை சென்று வருதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சீரகூசாவும் ரேகியுவும்

மெலித்தாவில் மூன்று மாதம் தங்கியபின், 'மிதுனம்' என்னும் அடையாளமுடைய அலெக்சந்திரியாக் கப்பலில் பவுலடியாரும் உடனிருந்தோரும் புறப்பட்டனர். முதலில் அடைந்த சீரகூசா, சிசிலித் தீவின் கிழக்குக் கரையில் கிரேக்கர் கி.மு. எட்டாம் நூற்றாண்டில் நிறுவிய நகரம். அதன் பழம்பகுதியாகிய ஒர்த்திஜியா என்னும் சிறு தீவில் இன்று நிற்கும் பேராலயம், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அத்தேனாள் என்னும் தேவிக்குக் கட்டப்பட்ட கோயிலே ஆகும். அக்கோயிலின் பருத்த தூண்களை ஆலயச் சுவருக்குள் இன்றும் காணலாம். பவுலடியார் அந்நகரில் தங்கிய மூன்று நாளும் அத்தூண்கள் அங்கேயே நின்றன. அப்பொழுது அவை தாங்கியது வேறு வழிபாட்டை.

ரேகியு இன்று ரெஜ்ஜோ கலாப்ரியா என வழங்குகிறது. இத்தாலிய நிலத்திற்கும் சிசிலிக்கும் இடையிலுள்ள குறுகிய நீரிணையைக் கடக்கக் கப்பல்கள் இங்கே தென்றலுக்குக் காத்திருப்பது வழக்கம். 1908ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் இந்நகரும் எதிர்க்கரையிலுள்ள மெசினாவும் பாழாயின. ஆகையால் இன்றைய ரெஜ்ஜோ பெரும்பாலும் புதிதாகக் கட்டப்பட்ட நகரமே. 1972இல் ரியாச்சே என்னும் ஊரின் கடலடியில் கண்டெடுக்கப்பட்ட இரு கிரேக்க வெண்கலச் சிலைகள் இதன் அருங்காட்சியகத்தில் உள்ளன. தென்றல் வீசிய மறுநாளே கப்பல் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேலான தொலைவைக் கடந்து புத்தேயோலியை அடைந்ததென லூக்கா குறிக்கிறார். நல்ல காற்று வாய்த்த கப்பலுக்கு இது இயலக்கூடியதே. முன் அதிகாரத்தில் பதினான்கு நாள் புயலில் அலைந்த பயணம், முடிவில் இத்துணை எளிதாயிற்று.

2. புத்தேயோலித் துறைமுகம்

நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே, அதே பெயரின் திரிபாகிய பொட்சுவோலி என்னும் பெயரால் இந்நகர் இன்று அறியப்படுகிறது. கிரேக்கர் இதனைத் திக்கையார்க்கியா என அழைத்தனர். கி.மு. 194இல் இது ரோமக் குடியேற்றமாயிற்று. ரோமாபுரியின் வாயிலில் நல்ல துறைமுகம் இல்லாதிருந்தமையால், எகிப்திலிருந்து வந்த கோதுமை நெடுங்காலம் இங்கேயே இறக்கப்பட்டது. கிலவுதியு இராயன் கி.பி. 42இல் ஒஸ்தியாவுக்கு அருகே புதிய துறைமுகத்தைக் கட்டத் தொடங்கிய பின்னரும், அலெக்சந்திரியாக் கப்பல்கள் சில காலம் புத்தேயோலிக்கே வந்தன. தானியக் கப்பல்கள் தொலைவில் தோன்றியபோது நகரமக்கள் திரண்டு துறையில் நின்ற காட்சியைத் தத்துவ அறிஞர் செனக்கா தம் மடல் ஒன்றில் விவரித்துள்ளார். இவர் கொரிந்துவில் பவுலடியாரின் வழக்கைத் தள்ளிவிட்ட கல்லியோனின் உடன்பிறந்தவர் (அப். 18:12-16). லூக்கா எழுதியதும் செனக்கா எழுதியதும் ஏறத்தாழ ஒரே காலத்துத் துறைமுகத்தையே.

இவ்வூரைச் சூழ்ந்த நிலம் எரிமலைச் சாம்பலால் ஆனது. அச்சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் அது நீருக்கடியிலும் இறுகிக் கல்லாகும். இவ்வியல்பை ரோமக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ் எழுதிவைத்தார். பெரிய ஏரோது செசரியாவில் கடலுக்குள் கட்டிய துறைமுகத்தின் காரையிலும் இப்பகுதியின் சாம்பல் சேர்ந்துள்ளதென ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். பவுலடியார் ஈராண்டு சிறையிருந்ததும், இராயனிடத்திற்கு அபயமிட்டுப் புறப்பட்டதும் அந்தச் செசரியாவிலிருந்தே. புறப்பட்ட துறையைக் கட்டிய சாம்பல், சேர்ந்த துறையின் மண்ணிலிருந்து கப்பலேறிச் சென்றதாகும். பேரரசின் இரு முனைகளும் அந்நாளில் எத்துணை நெருக்கமாகப் பிணைக்கப்பட்டிருந்தன என்பதற்கு இஃதொரு சான்று.

கீழ்த்திசைப் பொருள்களும் இவ்வழியே வந்தன. முசிறித் துறையில் ஏற்றிய மிளகு செங்கடல் வழியாக அலெக்சந்திரியாவை அடைந்து, அங்கிருந்து இத்தாலிக்குச் சென்றது. கிலவுதியுவின் காலத்தில் அன்னியஸ் பிளோக்காமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர் காற்றால் அடிபட்டு இலங்கைக்குச் சேர்ந்ததாக மூத்த பிளினி எழுதுகிறார். அன்னியர் குடும்பம் புத்தேயோலியின் வணிகக் குடும்பங்களுள் ஒன்றென்பது ஆய்வாளர் கருத்து.

3. சகோதரர் எங்கிருந்து வந்தனர்?

இத்துறையில் இறங்கியவுடன், அங்கே சகோதரரைக் கண்டதாக லூக்கா கூறுகிறார். அவர் வியப்பேதும் காட்டவில்லை. ஆயினும் நாம் வியக்கவேண்டும். அந்நகருக்கு எந்த அப்போஸ்தலரும் அனுப்பப்பட்டதாகத் திருமறை கூறவில்லை. எனினும் அப்போஸ்தலருக்கு முன்னரே அங்குத் திருச்சபை இருந்தது.

யூதர் அந்நகரில் நெடுங்காலம் வாழ்ந்தனர் என்பதற்கு வரலாற்றுச் சான்றுகள் உள. பெரிய ஏரோதின் மறைவுக்குப்பின், அவருடைய மகன் அலெக்சந்தர் தாமே என்று பொய்யாகக் கூறிய ஒருவனைத் திக்கையார்க்கியாவின் யூதர் வரவேற்றதாக யோசேப்பஸ் எழுதுகிறார். எருசலேம் தேவாலயத்தில் தன் சிலையை நிறுவும்படி காயு இராயன் கட்டளையிட்ட செய்தியை, அலெக்சந்திரியா யூதத் தூதுக்குழுவின் தலைவராகிய பிலோ இந்நகரிலேயே கேள்வியுற்றார். யோசேப்பஸ் தாமும் ஏறத்தாழ கி.பி. 64இல் ரோமாபுரிக்குச் செல்லும் வழியில் கப்பற்சேதத்திற்குட்பட்டார். கப்பலிலிருந்த சுமார் 600 பேருள் ஏறத்தாழ 80 பேர் மட்டும் தப்பினர். அவர்களும் இதே துறையில்தான் இறங்கினர். ஆகையால் ஜெப ஆலயத்தின் வழியாகவோ, மாலுமிகள், வணிகர், அடிமைகள் ஆகியோர் வழியாகவோ நற்செய்தி இங்கு வந்திருக்கலாம். அவர்களுள் ஒருவரின் பெயரும் எஞ்சவில்லை. திருச்சபை வரலாறு பெயர் பெற்றவர்களின் வரலாறு மட்டுமன்று என்பதை இப்பெயரின்மையே நமக்குக் கற்பிக்கிறது.

4. ஏழு நாள்

கைதி ஒருவர் ஏழு நாள் நண்பர்களுடன் தங்குதல் எங்ஙனம் இயலும் எனச் சிலர் வினவுவர். காவலிலிருந்த நூற்றுக்கு அதிபதியாகிய யூலியு, முன்னரே சீதோனில் பவுலடியாரைத் தம் நண்பரிடம் செல்ல அனுமதித்தவர் (அப். 27:3). தரைவழிப் பயணத்திற்குரிய ஏற்பாடுகளுக்காக அவரும் துறையில் காத்திருந்திருக்கலாம். எவ்வாறாயினும், துரோவாவிலும் தீருவிலும் ஏழு நாள் தங்கியதை லூக்கா முன்னரே குறித்துள்ளார் (அப். 20:6, 21:4). துரோவாவில் அந்த ஏழு நாளுள் வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கப்பட்டது. புத்தேயோலியிலும் ஏழு நாள் என்பது, கர்த்தருடைய நாள் ஒன்றைச் சகோதரரோடு ஆசரித்தலை உள்ளடக்கும்.

இங்கு லூக்கா ஆளும் கிரேக்க வினைச்சொல் வேண்டுதலையும் ஆறுதலையும் ஒருங்கே குறிக்கவல்லது. சில கையெழுத்துப் பிரதிகளின் பாடத்தைப் பின்பற்றினால், தங்கி ஆறுதல் பெற்றோம் என்றே பொருள் கொள்ளலாம். பெரும்பாலோர் ஏற்கும் பாடம் வேண்டுதலையே குறிப்பினும், சகோதரர் வேண்டிக்கொண்டதே அப்போஸ்தலருக்கு ஆறுதலாயிற்று என்பதில் ஐயமில்லை. பிறருக்கு மடல் எழுதித் திடப்படுத்தியவர், இங்குப் பெயரறியாத விசுவாசிகளால் திடப்படுத்தப்பட்டார்.

5. எதிர்க்கரையில் பாயா

புத்தேயோலித் துறையில் நின்று மேற்கே நோக்கினால், வளைகுடாவின் மறுகரையில் பாயா தெரியும். ரோமச் செல்வரின் வெந்நீர்க் குளியலுக்கும் கேளிக்கைக்கும் அது பெயர் பெற்றது. அதன் ஒழுக்கக்கேட்டைச் செனக்கா கடிந்துரைத்தார். கி.பி. 39இல் காயு இராயன் கப்பல்களை வரிசையாகப் பிணைத்துப் பாயாவுக்கும் புத்தேயோலிக்கும் இடையே பாலமிட்டு, அதன்மீது குதிரையேறிச் சென்றான். கி.பி. 59இல் நீரோ, தன் தாய் அகிரிப்பினாளைப் பழுதாக்கப்பட்ட படகில் ஏற்றிக் கடலில் கொல்ல முயன்றதும், அவள் நீந்தித் தப்பியபின் அவளுடைய மாளிகையிலேயே கொல்வித்ததும் இக்கரையில்தான். பவுலடியார் இங்கு வந்தது இதற்கு ஓரிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே. அவர் அபயமிட்டிருந்த இராயன் அந்த நீரோவே. தாயைக் கொன்றவனின் நியாயாசனத்தை நோக்கிச் செல்லும் கைதி, அக்கொலை நிகழ்ந்த கரைக்கு எதிரே சகோதரரோடு ஏழு நாள் தங்கினார். இதனை மனத்தில் நிறுத்தி வாசிப்போருக்கு அவ்வசனம் மீண்டும் ஊர்ப்பட்டியலாகத் தோன்றாது.

பாயாவின் மாளிகைகளுள் பல இன்று கடலடியில் உள்ளன. போர்க்கப்பலோ புயலோ அவற்றை அழிக்கவில்லை. நிலமே மெல்லத் தாழ்ந்தது. 2002இல் அப்பகுதி நீரடித் தொல்லியல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

6. தாழ்ந்து உயரும் நிலம்

இத்தகைய நில அசைவின் சான்றைப் பொட்சுவோலியின் நடுவிலும் காணலாம். 1750இல் தோண்டியெடுக்கப்பட்ட பழைய சந்தைக் கட்டடத்தில் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. செராப்பிஸ் தேவனின் சிலை அங்குக் கிடைத்தமையால் அது கோயிலென நெடுநாள் தவறாகக் கருதப்பட்டது. தூண்களில் ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரம் வரை கடற்சிப்பிகள் துளைத்த துளைகள் உள்ளன. தூண்கள் கடலுள் தாழ்ந்து மீண்டும் உயர்ந்தன என்பதே இதன் பொருள். புவியியல் அறிஞர் சார்லஸ் லயல் 1830இல் தம் நூலின் முகப்பில் இத்தூண்களின் படத்தை வெளியிட்டார். 1538இல் அருகே எரிமலை வெடித்து ஒரு புதிய குன்றே எழுந்தது.

இவ்வசைவு பழங்கதையன்று. 1970 மார்ச்சில் நிலம் உயர்ந்தமையால் ரியோனே தெர்ரா என்னும் பழநகர்ப் பகுதி மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1982 முதல் 1984 வரை நிலம் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. சுமார் 40,000 பேர் வேறிடம் செல்ல நேர்ந்தது. 2005 முதல் நிலம் மீண்டும் உயரத் தொடங்கியது. 2024 மே மாதத்தில் 4.4 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அப்பழநகரின் உச்சியிலுள்ள பேராலயம் 1964இல் தீப்பற்றியபோது, அதன் சுவருக்குள் மறைந்திருந்த அகஸ்து இராயனின் கோயில் வெளிப்பட்டது. ஆலயம் 2014இல் மீண்டும் திறக்கப்பட்டது. நிலையற்ற நிலத்தின்மேல் ஒரு சபை தலைமுறை தலைமுறையாக வழிபட்டுவருகிறது.

7. போதகர்க்கு ஓர் எச்சரிக்கை

இக்கரையில் இன்னும் சற்றுக் கிழக்கே, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையால் புதையுண்ட பொம்பெயியும் எர்க்குலானேயமும் உள்ளன. பேலிக்சுக்கும் துருசில்லாளுக்கும் பிறந்த அகிரிப்பா அவ்வெடிப்பில் மாண்டதாக யோசேப்பஸ் கூறுகிறார். நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் குறித்துப் பவுலடியார் பேசக் கேட்டவர்கள் அப்பெற்றோர் (அப். 24:24-25). இச்செய்தியை அப்பெற்றோர்மீது வந்த தண்டனையாகப் பேச நமக்குத் துணிவு வரலாம். ஆனால் யோசேப்பஸ் அவ்வாறு கூறவில்லை, திருமறையும் கூறவில்லை. சீலோவாமின் கோபுரத்தைக் குறித்து ஆண்டவர் கூறியதை (லூக். 13:4-5) ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

இவ்வாறே, 1938இல் எர்க்குலானேயத்து வீடொன்றின் சுவரில் காணப்பட்ட சிலுவை வடிவத் தடத்தைத் தொல் கிறிஸ்தவச் சின்னமெனப் பலர் பிரசங்கித்துள்ளனர். சுவர்ப்பலகையைப் பொருத்திய தடமாகவும் அஃது இருக்கலாமென அறிஞர் பலர் கருதுகின்றனர். பொம்பெயியில் 1862இல் கரியால் எழுதப்பட்டிருந்த கிறிஸ்தவர் என்னும் சொல்லும் விரைவில் அழிந்துபோயிற்று. அதன் வாசிப்பு ஐயத்திற்குரியது. ஐயமானவற்றை மெய்யென்று கூறிச் செவிமடுப்போரை மகிழ்வித்தல் நற்செய்திக்குத் துணையாகாது. பிரசங்கத்தில் ஒருமுறை கூறிய பொய்ச்சான்று வெளிப்படுமாயின், நாம் கூறிய மெய்யும் ஐயத்திற்குள்ளாகும். மேலும், நமக்கு அவ்வகைச் சான்று தேவையுமில்லை; சகோதரரைக் கண்டோம் என்னும் லூக்காவின் சொல் போதும்.

8. ரோமாபுரியை நோக்கி

ஏழு நாளுக்குப்பின் கப்புவா வழியாக அப்பியு நெடுஞ்சாலையில் பயணம் தொடர்ந்தது. புத்தேயோலியை நேரே வடக்குடன் இணைத்த தொமித்தியனின் சாலை கி.பி. 95இல்தான் அமைந்தது. ரோமாபுரிக்கு 43 ரோம மைல் தொலைவிலுள்ள அப்பியுபுரம் வரையிலும், 33 மைல் தொலைவிலுள்ள மூன்று சத்திரம் வரையிலும் சகோதரர் நடந்துவந்து எதிர்கொண்டனர். ஏழு நாள் தங்கியதனால்தான் செய்தி முன்னே செல்ல அவகாசம் கிடைத்தது. அவர்களைக் கண்டபின் பவுலடியார் தேவனுக்கு நன்றி செலுத்தித் தைரியமடைந்தார் என்கிறார் லூக்கா. புயலிலும் மற்றவர்களைத் தைரியப்படுத்தியவருக்குத் தைரியம் தேவைப்பட்டது. அது சகோதரரின் முகத்திலிருந்து வந்தது.

நம் சபைகளில் போதகரைத் திடப்படுத்துவோர் பலர் பெயரறியாதவர்களே. சிறையிலும் மருத்துவமனையிலும் அயலூரிலும் துறையிலும் நிற்கும் ஒருவரைத் தேடிச் சென்று, எங்களோடு தங்கும் என்று வேண்டிக்கொள்பவர் எவரோ, அவரே புத்தேயோலித் திருச்சபையின் வழித்தோன்றல். அடுத்தமுறை இவ்வசனங்களை வாசிக்கையில் நாம் சற்று மெல்ல வாசிப்போமாக.