கயத்தாற்றுக் குப்பியும் காலத் துணிபும்

கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். அவ்வூரில் பழம் பீர்க் குப்பி ஒன்று கிடைப்பின், கும்பினிப் படையினர் எறிந்தது எனக் கொள்ள மனம் விழையும். ஆயின் குப்பியின் வாயே காலம் கூறும். நெளிவிளிம்புத் தகர மூடிக்கு வில்லியம் பெயின்ட்டர் காப்புரிமை பெற்றது 1892இல். அம்மூடிக்குரிய வாய் உடையது அதற்கு முற்பட்டதாகாது. வார்ப்புத் தழும்பு வாய்விளிம்பையும் கடந்து ஓடின், அது பெரும்பாலும் பொறியால் ஆயது. ஓவன்சின் தானியங்கிப் பொறி தோன்றியது 1903இல். தக்கைவாய் மட்டும் பழமைக்குச் சான்றன்று. தக்கை பின்னரும் வழங்கிற்று. எனவே குப்பி தொகுப்போர் கிடைத்த இடம், ஆழம், உடன்கிடந்த ஓடுகள் ஆகியவற்றைக் குறித்த பின்னரே அதனை எடுத்தல் வேண்டும். அக்குறிப்பு இன்றேல் எஞ்சுவது வெறுங்கண்ணாடியே. பிற்காலச் சொல்லாட்சி ஒன்று நூலின் காலத்தைக் கீழிறக்குதல் போல, விளிம்பு ஒன்றே குப்பியின் காலத்தைக் கீழிறக்கும்.