ஒரு மாதம் முழுவதும் சுவரில் தெரியட்டும்

1825ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி இரவு ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியில் அப்போது இருந்தவர் ஜான் வாரன். சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை முன்பு வகித்தவர். அந்தக் கிரகணத்தைத் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் எப்படிக் கணிக்கிறார் என்பதைப் பார்த்துப் பதிவு செய்தார். கணிதர் எண்களைத் தாளில் எழுதிக் கூட்டவில்லை. தரையில் சோழிகளை வைத்து, நகர்த்தி, எடுத்து, கணக்கை நடத்தினார். அட்டவணை எண்கள் முழுவதையும் சொற்களாக மாற்றி மனப்பாடம் செய்திருந்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவருடைய கணக்குக்கு நேர்ந்த பிழை 4 நிமிடம்தான். முடியும் நேரத்தில் பிழை 52 நிமிடம் வரை போனது என்றாலும், தாளும் பேனாவும் இல்லாமல் செய்த கணக்கு அது என்பதை மறந்துவிடக் கூடாது. கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகேபவர் 1952இல் தமிழ் வானியல் பற்றிக் கட்டுரை எழுதியதற்கு இந்தப் பதிவே அடிப்படை.

அந்தக் கணிதரின் முறையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேலைப் பிரிவினை. என்றும் மாறாத எண்கள் தலைக்குள் இருந்தன. நொடிக்கு நொடி மாறும் எண்கள் கண்ணெதிரே தரையில் இருந்தன. குடும்பத்தையும் வேலையையும் சேர்த்து நடத்துகிற நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். தினம் மாறுவதை எல்லாம் தலைக்குள் திணித்துக்கொண்டு திண்டாடுகிறோம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மனைவிக்கு சிதம்பரம் அண்ணாமலை நகரில் வேலை. காலையில் பஸ்ஸோ ரயிலோ, சுமார் 45 கிலோமீட்டர் போய்வர வேண்டும். கணவருக்கு சிப்காட் தொழிற்சாலையில் ஷிப்ட். மகன் பத்தாம் வகுப்பு. மாமியாருக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம். இந்த வீட்டில் எத்தனை விதமான காலச் சுழற்சிகள் ஓடுகின்றன என்று கவனியுங்கள். ஷிப்ட் வாராவாரம் மாறும். மளிகை மாதாமாதம். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. கேஸ் சிலிண்டருக்குக் கணக்கே கிடையாது, தீரும்போது தீரும். கல்யாணங்கள் முகூர்த்த நாட்களில் மொத்தமாக வந்து விழும். கோவில் நாட்கள் நட்சத்திரத்தையும் திதியையும் பார்த்து வரும்.

கடைசியில் சொன்னது சிதம்பரத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நடராஜருக்கு ஆண்டில் ஆறு மகா அபிஷேகங்கள். மூன்று நட்சத்திரத்தை வைத்து, மூன்று சதுர்த்தசி திதியை வைத்து. மார்கழித் திருவாதிரையான ஆருத்ரா தரிசனம் 2023இல் ஜனவரி 6ஆம் தேதியும் டிசம்பர் 27ஆம் தேதியுமாக இரண்டு முறை வந்தது. 2024ஆம் ஆங்கில ஆண்டில் அது வரவே இல்லை. அடுத்தது 2025 ஜனவரி 13. 'போன வருஷம் எந்தத் தேதியில் வந்தது?' என்று நினைவிலிருந்து கணக்குப் போட்டு லீவு எழுதிக் கொடுத்தவர் ஏமாந்திருப்பார்.

பின்னால் செய்ய வேண்டியதை நினைவில் வைத்திருக்கும் திறனை உளவியலாளர்கள் தனியாகவே ஆராய்கிறார்கள். நடந்ததை நினைவுகூர்வது ஒன்று. நடக்க வேண்டியதை உரிய நேரத்தில் நினைத்துக்கொள்வது வேறொன்று. பழைய பாடத்தை ஒப்பிக்கும்போது கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறார். நாளை மதியம் 3 மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை 3 மணிக்கு யார் கேட்பார்? யாரும் கேட்க மாட்டார்கள். கைவேலைக்கு நடுவில் மூளை தானாக எழுந்து நினைத்தாக வேண்டும். 1990இல் அமெரிக்க உளவியலாளர்கள் கில்ஸ் ஐன்ஸ்டைனும் மார்க் மெக்டேனியலும் இத்தகைய நினைவை இரண்டாகப் பிரித்தார்கள். 'மெடிக்கல் ஷாப்பைப் பார்த்ததும் மாத்திரை வாங்க வேண்டும்' என்பதில் கடையே நினைவூட்டிவிடும். '3 மணிக்குப் போன் செய்ய வேண்டும்' என்பதில் நினைவூட்ட எதிரே எதுவும் இல்லை. தவறிப்போகும் ஆபத்து இரண்டாவதில்தான் அதிகம். இதோடு இன்னொரு வரம்பும் உண்டு. ஒரே சமயத்தில் மனதில் பிடித்துவைக்க முடிகிற விஷயங்கள் ஏறக்குறைய நான்குதான் என்று நெல்சன் கோவன் 2001இல் காட்டினார். மேலே சொன்ன குடும்பத்தில் காலை 7 மணிக்கே நான்கு தாண்டிவிடும்.

ஆகவே மறதி அக்கறைக் குறைவால் வருவது என்று யாரையும் கடிந்துகொள்வதில் நியாயம் இல்லை. வெளியே ஓர் இடம் வேண்டும். அது எப்படிப்பட்ட இடம் என்பதுதான் கேள்வி. போன் காலண்டரா, டைரியா, கிழிக்கும் தினசரி காலண்டரா, ஆயிரம் ரூபாய் விலை சொல்லும் அழகான பிளானரா?

இதற்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று 2021இல் டோக்கியோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 18 முதல் 29 வயது வரையிலான 48 பேர். ஓர் உரையாடலைப் படித்து, அதில் வரும் வேலைகளையும் சந்திப்புகளையும் தேதிவாரியாகக் குறிக்க வேண்டும். ஒரு குழுவுக்குக் காகித நோட்டு, ஒரு குழுவுக்கு டேப்லட், ஒரு குழுவுக்கு ஸ்மார்ட்போன். காகிதக் குழு சுமார் 11 நிமிடத்தில் முடித்தது; டேப்லட் 14, போன் 16. ஒரு மணி நேரம் கழித்துக் கேள்வி கேட்டபோது எளிய கேள்விகளுக்குக் காகிதக் குழு கூடுதலாகச் சரியான விடை சொன்னது. அப்போது எடுத்த எம்ஆர்ஐ படத்தில், நினைவுக்கும் இட உணர்வுக்கும் ஆதாரமான ஹிப்போகேம்பஸ் அவர்களிடம் அதிகம் வேலை செய்தது தெரிந்தது. ஆய்வாளர்கள் சொல்லும் காரணம், காகிதத்தில் எழுதியதற்கு ஓர் இடம் இருக்கிறது. பக்கத்தின் மேல் மூலையில், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில், அருகே ஓர் அடித்தலோடு இருக்கிறது. திரையில் எல்லாம் ஒரே மாதிரி எழுத்து; தள்ளினால் மறைந்துவிடும். 48 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் 2023இல் நுகர்வோர் உளவியல் இதழ் ஒன்றில் யான்லியு ஹுவாங், ஜென் யாங், விக்கி மோர்விட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. போன் காலண்டரில் திட்டமிட்டவர்களைவிடக் காகிதக் காலண்டரில் திட்டமிட்டவர்கள் அந்தத் திட்டங்களை அதிகமாக நிறைவேற்றினார்கள். பல நாட்களை ஒரே பார்வையில் பார்த்துத் திட்டமிடுவதுதான் வித்தியாசத்துக்குக் காரணம் என்று அவர்கள் கண்டார்கள்.

நம் வீடுகளில் பழைய தலைமுறை இதை ஆய்வு இல்லாமலே செய்திருக்கிறது. சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் மாதக் காலண்டர். ஆணியில் நூல் கட்டித் தொங்கும் பென்சில். பால் வராத நாளில் ஒரு பெருக்கல் குறி. கூடுதலாக அரை லிட்டர் வாங்கிய நாளில் '½'. சிலிண்டர் மாட்டிய தேதியில் 'கேஸ்' என்று இரண்டெழுத்து. அதைப் பார்த்துத்தான் அடுத்த சிலிண்டரை எப்போது பதிய வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள். மாதக் கடைசியில் பால்காரர் வந்தால் வாய்ச்சண்டை இல்லை. இவ்வளவு சிறிய கட்டத்தில் இவ்வளவு தகவலைச் சேமிக்கும் வேறு கருவியை நான் பார்த்ததில்லை.

கிழிக்கும் தினசரி காலண்டர் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், சந்திராஷ்டமம் எல்லாம் அதில் உண்டு. இன்று என்ன என்பதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை. திட்டமிட மட்டும் அது உதவாது. அடுத்த வியாழக்கிழமை அதில் கண்ணுக்குத் தெரியாது. இந்த வாரம் நெரிசல், அடுத்த வாரம் காலி என்பது புரியாது. விலை உயர்ந்த பிளானர்களின் குறை வேறு. அவற்றில் அமாவாசை, கிருத்திகை, முகூர்த்த நாள் எதுவும் இல்லை. ஆனித் திருமஞ்சனமும் மாசி மகமும் தெரியாத ஒரு பிளானரை வைத்துக்கொண்டு சிதம்பரத்திலோ தேவனாம்பட்டினத்திலோ ஒரு குடும்பம் ஆண்டை ஓட்ட முடியாது. சிவகாசியில் அச்சாகும் சாதாரண மாதக் காலண்டரில் அவை எல்லாம் முதலிலேயே இருக்கின்றன.

போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஐன்ஸ்டைனும் மெக்டேனியலும் பிரித்த அந்த இரண்டாவது வகை, மணியைச் சார்ந்த வேலை, போனுக்கே உரியது. மதிய மாத்திரை, ரயில் டிக்கெட் முன்பதிவு, வங்கியிலிருந்து வரும் அழைப்பு ஆகியவற்றுக்கு அலாரம்தான் சரி. நாள் சுவரில், மணி போனில் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. ஒரே விஷயத்தை டைரியிலும் போனிலும் காலண்டரிலும் மூன்று முறை எழுதுபவர்களுக்குத்தான் சிக்கல். ஒன்றில் தேதி மாறி மற்றதில் மாறாமல் கிடக்கும், எது சரி என்று தெரியாது.

எந்தக் காலண்டராக இருந்தாலும் அதை நிரப்பும் கை அளவுக்கு மீறி ஆசைப்படும். 1994இல் வெளியான ஆய்வில் ரோஜர் பியூலரும் சகாக்களும் கல்லூரி மாணவர்களிடம், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்ன கணக்கு சராசரியாக 34 நாள். ஆனது 55 நாளுக்கும் மேல். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்தில் மூன்று பேர்தான். கடலூர் மாவட்டத்தில் இந்தப் பிழையோடு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்ததையும், 2015 நவம்பரில் வெள்ளம் வந்ததையும் பார்த்த ஊர் இது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாரத்துக்கு ஒரு நாளையாவது எதுவும் எழுதாமல் காலியாக விடுவது நல்லது. மழை விடுமுறை வந்தால் தள்ளிப்போகும் வேலைக்கு ஓர் இடம் இருக்கும்.

எழுதுவதற்கு ஏற்ற நேரம் இரவு. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 57 பேர் கலந்துகொண்டார்கள். படுக்குமுன் ஐந்து நிமிடம், செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். விரிவாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம்.

இத்தனையும் சொன்ன பிறகும், யார் எழுதுவது என்ற கேள்வி நிற்கிறது. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். துவைப்பது, சமைப்பது போன்ற கண்ணுக்குத் தெரியும் வேலைகள் இந்தக் கணக்கில் வரும். 'அத்தைக்கு மாத்திரை தீரப்போகிறது' என்று பஸ்ஸில் நின்றுகொண்டே நினைப்பது வராது. சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 35 தம்பதிகளைப் பேட்டி எடுத்து, முன்கூட்டி நினைப்பதும் பின்தொடர்ந்து கவனிப்பதும் பெரும்பாலும் மனைவிமீதே விழுகின்றன என்று கண்டார். டைரி அவளுடைய கைப்பையில் இருக்கும்வரை அது அவளுடைய டைரிதான். வீட்டில் மற்றவர்கள் அவளிடமே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதனால்தான் சுவர்க் காலண்டரை நான் பரிந்துரைக்கிறேன். எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டுங்கள். கணவர் தன் ஷிப்டைத் தானே எழுதட்டும். பிள்ளை தன் தேர்வுத் தேதியைத் தானே எழுதட்டும். அடுத்த ஆண்டுக் காலண்டர் வாங்கப் போகும்போது படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு தேதிக் கட்டத்துக்குள் மூன்று வரி எழுத இடம் இருக்கிறதா என்று பேனாவால் எழுதிப் பார்த்து வாங்குங்கள்.