காதல் கதையின் கூலிக் கணக்கு

தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் தரப்படுகிறது. சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு 11. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவருக்கு 92. ஆண்டில் 30 நாள்களுக்குக் குறையாமல் வருவாய்க்கான பணி எதையேனும் செய்திருந்தால், அதைத் துணைத் தொழிலாகப் பதிய வேண்டும் என்பது விதி. ஆனால் கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கும்போது, இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசியில் நாவல் எழுதி வருவாய் ஈட்டும் பெண்ணும் ‘வீட்டில்தான் இருக்கிறேன்’ என்று சொல்லிவிடக்கூடும். சில வீடுகளில் அந்தப் பதிலையும் கணவரோ மாமனாரோ சொல்லிவிடுவார்கள்.

என்னிடம் பொருளியல் பயின்ற ஒருவர் பதிப்பகம் எதையும் சாராமல் காதல் நாவல்கள் எழுதிவருகிறார். அவர் வழியாக அதே தொழிலில் உள்ள வேறு சிலரின் வரவு செலவையும் வேலை முறையையும் அறியும் வாய்ப்புக் கிடைத்தது. இலக்கியத் திறனாய்வாளர்கள் இந்நாவல்களைப் பற்றி என்ன கருதுகிறார்கள் என்பதற்குள் நான் புகப்போவதில்லை. ரமணிசந்திரனின் நாவல்களுக்காக வாடகை நூலகங்களில் முறை வைத்துக் காத்திருந்த வாசகியர் பலரை நானறிவேன். பல சிற்றூர் நூலகங்களின் மாத வாடகையை அவர்களுடைய சந்தாதான் கட்டியது. அந்த வாசகியரும் அவர்களுடைய மகள்களும் இன்று கைப்பேசிக்கு வந்துவிட்டார்கள் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

அன்றைய மாத நாவல் முறையில் பெரும்பாலும் எழுத்தாளருக்கு ஒரு தொகை கையில் கொடுக்கப்படும். நூல் எத்தனை படிகள் விற்றாலும் கணக்கு அத்துடன் முடிந்தது. 2016 டிசம்பரில் அமேசான் நிறுவனத்தின் கிண்டில் தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கியபோது இந்த நிலை மாறியது. பதிப்பாளரின் தயவு தேவையில்லை. கையெழுத்துப் படியோடு சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து இயங்கும் பிரதிலிபி போன்ற தளங்களும் வாசகர்களைத் திரட்டித் தந்தன. பதிப்புரிமை எழுத்தாளரிடமே இருக்கிறது. விலையையும் அவரே குறிக்கிறார். தொழில் முனைவோர் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமானவர் யார் என்று தோன்றும்.

ஆனால் வருவாய் எவ்வழியில் வருகிறது என்று பார்த்தால் படம் வேறு. தனி நூலாக விலை கொடுத்து வாங்குவோரைவிட, மாதச் சந்தா செலுத்தி வரம்பின்றிப் படிப்போரே இவ்வகை நாவல்களுக்கு மிகுதி என்கிறார்கள் எழுதுவோர். ஒரு வாரத்தில் மூன்று நாவல் படிக்கும் வாசகிக்குச் சந்தாதானே சிக்கனம்? சந்தா வாசிப்பில் எழுத்தாளருக்குப் பணம் பக்கக் கணக்கில் வருகிறது. இம்முறை 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு வாசகி ஒரு பக்கத்தை முதல் முறை படித்தால் மட்டுமே அது கணக்கில் ஏறும். பிடித்துப்போய் மறுபடி படித்தால் ஏறாது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பைசா என்பது முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லை. உலகளாவிய நிதி ஒன்றை நிறுவனம் மாதந்தோறும் நிர்ணயித்து, மாதம் முடிந்த பிறகே வீதம் தெரியவருகிறது. பணம் வங்கிக்கு வந்து சேர மேலும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும்.

கணக்குக்காகப் பக்கத்துக்குப் பத்துப் பைசா என்று வைத்துக்கொள்வோம். 400 பக்க நாவலை ஒருவர் முழுதும் படித்தால் 40 ரூபாய். ஆயிரம் பேர் கடைசிப் பக்கம்வரை படித்தால் 40,000 ரூபாய். நாவலுக்கு நான்கு மாத உழைப்பு என்றால் மாதம் 10,000. இதில் மெய்ப்புப் பார்ப்பவருக்கும் அட்டை வரைபவருக்கும் கொடுத்தது போக மிச்சம்தான் அவருடைய கூலி. அடுத்த மாதம் வீதம் ஒரு பைசா குறைந்தால் வருவாயில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஏன் குறைந்தது என்று கேட்கவும் பேரம் பேசவும் இடமில்லை. விற்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்து, வாங்குபவர் ஏறத்தாழ ஒருவராகவே இருக்கும் சந்தை இப்படித்தான் இயங்கும் என்று வகுப்பறையில் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். எடுத்துக்காட்டாகச் சர்க்கரை ஆலையையும் அதற்குக் கரும்பு கொடுக்கும் விவசாயிகளையும் சொல்வது வழக்கம்.

வேறு தளத்தில் விற்கலாமே என்று கேட்கலாம். அங்குதான் முடிச்சு இருக்கிறது. சந்தாத் திட்டத்தில் சேர்க்கும் மின்னூலை 90 நாள்களுக்கு வேறெங்கும் மின்வடிவில் வைக்கக்கூடாது. அந்தத் திட்டத்தில் சேர்ந்தால்தான் இந்திய விற்பனைக்கு 70 விழுக்காடு உரிமத்தொகை, சேராவிட்டால் 35. இதனால்தான் தங்கள் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக வெளியிட்டு வாசகியரைச் சேர்ப்பவர்கள், கதை முடிந்ததும் ‘இரண்டு நாள்களில் நீக்கப்படும்’ என்று அறிவித்துவிட்டு அதை அமேசானுக்குக் கொண்டுபோகிறார்கள். கட்டாயம் என்று எங்கும் எழுதப்படவில்லை. இருந்தும், வருவாயில் பாதியை விட்டுக்கொடுத்து வேறிடம் போக யாருக்குத் துணிவு வரும்?

கூலி முறை கதையின் வடிவத்தையும் மாற்றுகிறது. பக்கத்துக்குப் பணம் என்றால் பக்கம் நீளும். ஒரு குடும்பத்து அண்ணன் தம்பி மூவருக்கும் மூன்று நாவல்கள் வரும். வாரந்தோறும் வாசகரைக் காக்கவைத்த கல்கியின் தொடர்கதைகளை ரசித்தவர்கள் இதற்காக முகம் சுளிக்க நியாயமில்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று. வாசகி எந்தப் பக்கத்தில் சலித்து மூடிவைத்தாள் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். எழுதியவருக்குக் காட்டப்படுவது அன்றைக்குப் படிக்கப்பட்ட மொத்தப் பக்க எண்ணிக்கை மட்டுமே. தன் சரக்கைப் பற்றித் தன்னைவிட வாங்குபவர் அதிகம் அறிந்திருக்கும் இத்தகைய உற்பத்தியாளர்களைப் பார்ப்பது அரிது.

எழுதுவது அவருடைய வேலையில் ஒரு பகுதிதான். திங்களும் வியாழனும் அத்தியாயம் தருவதாகச் சொல்லியிருந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் தந்தாக வேண்டும். பின்னூட்டங்களுக்குப் பெயர் சொல்லி நன்றி கூற வேண்டும். முகநூல் குழுக்களில் முன்னோட்டம் போட வேண்டும். ஒற்றுப்பிழை திருத்த வேண்டும். திருநெல்வேலியில் இருந்துகொண்டு அமெரிக்க வரிப் படிவமும் நிரப்ப வேண்டும். நிரந்தரக் கணக்கு எண்ணைக் கொடுத்து இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தைச் சுட்டினால் அமெரிக்க விற்பனைக்கு 15 விழுக்காடு பிடித்தம், தவறினால் 30. இத்தனையும் முடித்து வெளியிட்ட நூல், சில நாள்களில் டெலிகிராமில் பி.டி.எஃப். வடிவில் உலவும். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இதற்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் புனைபெயரில் எழுதி, தெருவில் உள்ளவர்களுக்கே தெரியாமல் தொழில் செய்யும் பெண் காவல் நிலையப் படி ஏறுவாரா?

சட்டம் இவரை எவ்வாறு கற்பனை செய்கிறது என்பதற்கு 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நல்ல சான்று. அதன் 80கியூகியூபி பிரிவு நூலாசிரியரின் உரிமத்தொகையில் மூன்று லட்சம் ரூபாய் வரை கழிவு தந்தது. ஆனால் மொத்தமாக ஒரு தொகை பெறாத ஆசிரியருக்கு, விற்ற நூல்களின் மதிப்பில் 15 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதி கழிவுக்குக் கணக்கில் வராது. நூறு ரூபாய் மின்னூலுக்கு எழுபது பெறுபவருக்குப் பதினைந்துக்குத்தான் சலுகை. அச்சு நூலுக்குப் பதிப்பாளர் பத்தோ பதினைந்தோ கொடுத்த காலத்தின் நினைவு அது. பக்கக் கணக்கில் வரும் பணத்துக்கு ‘விற்ற நூலின் மதிப்பு’ என்று எதைச் சொல்வது? இவர்களில் பெரும்பாலோர் வரி வரம்பை எட்டுவதில்லை என்பதால் இக்கேள்வி எழாமலே கிடக்கிறது.

அரசு உடனே செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. சிறியவை சில உண்டு. கணக்கெடுப்பாளர்களின் பயிற்சியில், வீட்டிலிருந்து இணையம் வழியே ஈட்டும் பெண்களிடம் அதைத் தனிக் கேள்வியாகக் கேட்கச் சொல்லலாம். பொது நூலகங்களுக்கு நூல் வாங்கும்போது, பதிப்பகமின்றித் தாமே அச்சிடுவோரும் தடையின்றி விண்ணப்பிக்க வழி செய்யலாம். அச்சு உரிமம் வேண்டிப் பதிப்பகங்கள் இவர்களைத் தேடி வருகின்றன. அப்போது நீட்டப்படும் ஒப்பந்தத்தில் காலவரம்பு குறிப்பிடப்படாவிட்டால் உரிமை ஐந்தாண்டில் திரும்பிவிடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. நான் பேசிய எழுத்தாளர்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொண்ட அன்றே ஒருவர் தம் பழைய ஒப்பந்தங்களை அலமாரியிலிருந்து எடுத்துத் தேதி பார்க்கத் தொடங்கினார்.